செனற்றர் நடேசன் எதுக்கு ஆம், எதுக்கு இல்லை: பழைய ஹன்சாட்டில இருந்து வாக்குப் பதிவைத் திரட்டுவது எப்பிடி?

கொக்குவில் வாசகன் கேட்டது:

வணக்கம். எங்கட சனசமூக நிலையத்தின்ர ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தயாராகுது. இலங்கைப் பாராளுமன்றத்தின்ர பழைய மேற்சபையான செனற் சபையில சுயேச்சையாக இருந்த எஸ். நடேசன் (ஆனைக்கோட்டையார்) எந்தச் சட்டமூலத்துக்கு ஆதரவாக, எதுக்கு எதிராக வாக்களிச்சார் எண்டு ஒரு அட்டவணை போட வேணும். அவர் என்ன பேசினவர் எண்டு சொல்ல ஆக்கள் இருக்கினம். என்ன வாக்குப் போட்டவர் எண்டதை ஒரே இடத்தில ஒருத்தரும் எழுதி வைச்சதாகத் தெரியேல்லை.

கேள்விகள் இதுதான். ஹன்சாட்டில (சபை விவாதங்களின்ர அச்சுப் பதிவில) ஒவ்வொரு சட்டமூலத்துக்கும் வாக்குப் போட்டவையின்ர பெயர்ப் பட்டியல் இருக்குமோ? திகதி தெரியாமல் எப்பிடித் தேடுறது? பட்டியலில பெயர் இல்லாட்டில் அதை எதிர்ப்பாக எடுக்கலாமோ? கடைசியாக, "அரசாங்கத்தோட இத்தனை வீதம் ஒத்துப்போனார்" எண்டு ஒரு எண் குடுக்கலாமோ? மலர்க்குழு அந்த எண்ணைத்தான் கேக்குது.

---

பத்திஎண்:

தம்பி, முதலாவது கேள்விக்கு விடை: இருக்காது. செனற்றும் மற்றச் சபைகளைப் போலத்தான். தலைவர் பிரேரணையை வாசிச்சு, "ஆம்", "இல்லை" எண்ட குரலைக் கேட்டு முடிவைச் சொல்லிவிடுவார். ஆராவது எழும்பி வாக்கெடுப்புக் கேட்டால்தான் பெயர்கள் பதிவாகும். ஆகவே 1947 இலிருந்து 1971 வரை செனற் இருந்த 24 வருசத்தில நிறைவேறின சட்டங்களில பெயர்ப் பட்டியலோட இருக்கிறது ஒரு சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கும் சண்டை பிடிச்ச விசயங்களாகத்தான் இருக்கும். அதை மட்டும் எண்ணினால் ஆள் எப்பவும் மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தவர் மாதிரித் தெரியும். எல்லாரும் ஒத்துப்போன நூறு விசயம் கணக்குக்குள்ளயே வராது.

அதால ஒரு அட்டவணை போதாது, இரண்டு வேணும். முதலாவதில பெயர்ப் பட்டியல் உள்ள வாக்கெடுப்புகள் மட்டும். இரண்டாவதில குரல் வாக்கில முடிஞ்சவை: அதில "வாக்கு" எண்ட நிரலே வரக்கூடாது. "இரண்டாம் மதிப்பீட்டில (பொது விவாதத்தில) எதிர்த்துப் பேசினார்", "குழுநிலையில (பிரிவு பிரிவாகப் பாக்கேக்க) திருத்தம் கொண்டுவந்தார்" எண்டு செய்ததை மட்டும் எழுதுங்கோ. எதிர்த்துப் பேசிப்போட்டு வாக்கெடுப்புக் கேக்காமல் விடுறது அந்தக் காலத்துச் சபைகளில சாதாரணம். பேச்சை வாக்காக மாத்தி எழுதினால் அட்டவணையே பொய்.

திகதி தேடுற வழி: சட்டத்தின்ர தலைப்பில இருக்கிற திகதியை வைச்சு நேரே ஹன்சாட்டைத் திறந்தால் ஒண்டும் கிடைக்காது. அது சான்றுப்படுத்தின அல்லது நடைமுறைக்கு வந்த திகதி. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு எல்லாரும் சொல்லுற நவம்பர் 15, அது நடைமுறைக்கு வந்த நாள். கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபையில விவாதம் ஓகஸ்டிலேயே நடந்து முடிஞ்சுது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டமும் அப்பிடித்தான். கீழ்ச்சபையில யூன் நடுப்பகுதியில 56 க்கு 29 எண்டு நிறைவேறினது. சட்டத்தின்ர திகதி யூலை 7. செனற் விவாதம் இந்த இரண்டுக்கும் நடுவில எங்கயோதான் இருக்க வேணும். எந்தச் சட்டத்துக்கும் இப்பிடி ஒரு வாசல் (தொடக்கத் திகதி), ஒரு கோடி (கடைசித் திகதி) பிடிச்சுக்கொண்டு, அந்த மூண்டு நாலு கிழமைத் தொகுதியை மட்டும் புரட்டினால் காணும்.

கோடியைப் பிடிக்கப் பத்திரிகை உதவும். நூலகம் தளத்தில ஈழகேசரி, சுதந்திரன் பழைய இதழ்கள் வீட்டிலிருந்தே பாக்கலாம். ஆனால் பத்திரிகையில "சபையில் எதிர்ப்பு" எண்டு தலைப்பிருந்தால் எந்தச் சபை எண்டு பாத்துக்கொள்ளுங்கோ. பத்திரிகை திகதிக்கு மட்டும், வாக்குக்கு ஹன்சாட் மட்டும்.

இன்னொரு ஓட்டை: சட்டங்களின்ர பட்டியலை மட்டும் வைச்சுத் தேடினால் பிரேரணைகள் தப்பிப்போகும். 1958 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கத் தமிழ் மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டத்துக்கான ஒழுங்குவிதிகள் 1966 சனவரியிலதான் வந்தது. அது சட்டமூலம் இல்லை, அங்கீகாரம் கேட்ட பிரேரணை. சட்ட இலக்கத்தில தேடுற ஆளுக்கு அது ஒருநாளும் அகப்படாது. சிம்மாசனப் பிரசங்க (கூட்டத்தொடர் தொடக்கத்தில வாசிக்கிற அரசாங்கக் கொள்கை உரை) விவாதத்தில வந்த திருத்தங்களும் அப்பிடியே.

---

சங்குப்பிட்டி:

எங்க போறது எண்டதையும் சொல்லிவிடுறன். 1981 இல எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில பழைய செனற் தொகுதிகள் வரிசை குலையாமல் இருக்கும் எண்டு நம்பி ஒரு நாளைச் செலவழிக்காதேங்கோ. முதல்ல தொலைபேசியில கேளுங்கோ. திருநெல்வேலியில பல்கலைக்கழக நூலகத்துக்கும் அதே ஆலோசனை, கேட்கும்போது "செனற் விவாதங்கள்" எண்டு பிரிச்சுச் சொல்லுங்கோ. வெறுமனே ஹன்சாட் எண்டால் பிரதிநிதிகள் சபைத் தொகுதியைத்தான் தூக்கித் தருவினம். இரண்டும் தனித்தனித் தொடர், தொகுதி எண்ணும் வேற வேற. முழுத் தொடருக்குக் கொழும்பு 7 இல தேசிய சுவடிகள் திணைக்களம். பாராளுமன்ற நூலகம் எண்டால் முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி எடுக்க வேணும், வாசலில போய் நிண்டு சரிவராது. அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டுபோங்கோ.

படம் எடுக்க விட்டால் பெயர்ப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு வராதேங்கோ. நாலு படம் வேணும்: அண்டைய அமர்வின்ர முதல் பக்கம் (திகதிக்கு), பட்டியலுக்கு உடன முன்னால தலைவர் வாசிச்ச பிரேரணை வாசகம், முழுப் பட்டியல், அதுக்குப் பிறகு அறிவிச்ச எண்ணிக்கை. இரண்டாவது இல்லாட்டில் மற்ற மூண்டும் வீண். ஏன் எண்டு கீழ ஆராவது சொல்லுவினம்.

ஹன்சாட்டில பக்க எண் இல்லை, பத்தி எண்தான். ஒரு பக்கத்தில இரண்டு பத்தி. நாளாந்த இதழுக்கும் கட்டின தொகுதிக்கும் பத்தி எண் மாறலாம், எதில பாத்தனீங்கள் எண்டு குறியுங்கோ. பிறகு பட்டியலிலுள்ள பெயர்களை ஒவ்வொண்டாக எண்ணி அறிவிச்ச எண்ணிக்கையோட ஒப்பிடுங்கோ. 12 எண்டு போட்டிருக்க 11 பெயர்தான் இருந்தால் அச்சுப் பிழை, அல்லது பட்டியல் அடுத்த பத்திக்குத் தாவியிருக்குது. பெரேரா, பெர்னாண்டோ, சில்வா எண்ட பெயர்களுக்கு முதலெழுத்தோட எழுதாட்டில் பிறகு பிரிச்சுப் பாக்கவே ஏலாது.

---

ஆனைப்பந்தி:

பட்டியலில் பெயர் இல்லாதது பற்றி. எதிர்ப்பு அல்ல, ஆதரவும் அல்ல. அதைக் கட்டாயம் தனிக் குறியீடாக வையுங்கள். அதிலும் மூன்று வகை உண்டு. அன்று முழுக்கச் சபைக்கு வராதது; அன்று பேசியிருக்கிறார், ஆனால் வாக்கு நேரத்தில் இல்லை; சபையில் இருந்துகொண்டே எந்தப் பக்கமும் சேராதது. முதலாவதையும் இரண்டாவதையும் பிரிக்க அன்றைய பத்திகள் முழுவதிலும் அவருடைய பெயர் குறுக்கீடாகவேனும் வருகிறதா என்று தேட வேண்டும். சட்டமூலத்தைக் காலையில் கிழிகிழி என்று கிழித்துவிட்டு மாலையில் பட்டியலில் இல்லையென்றால் அது எழுத வேண்டிய செய்தி. மூன்றாவது வகையை, பட்டியலில் "வாக்களிக்க மறுத்தோர்" என்று தனித் தலைப்பு இருந்தால் மட்டும் எழுதுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

தலைமை ஆசனம் இன்னொரு காரணம். அக்காலத்து அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 18 ஆம் பிரிவுப்படி தலைமை தாங்குபவர் முதலில் வாக்களிக்க முடியாது. இருபக்கமும் சமமானால் மட்டும் அறுதியிடும் வாக்கு. அந்த நேரத்தில் ஆசனத்தில் இருந்த செனற்றரின் பெயர் பட்டியலில் இருக்காது. அவரை "வரவில்லை" என்று போட்டால் அநியாயம். இது எல்லா மேற்சபைக்கும் பொதுவல்ல: அவுஸ்திரேலிய செனற்றில் தலைவர் மற்றவர்களோடு சேர்ந்து வாக்களிப்பார், அறுதியிடும் வாக்கு இல்லை, சமமானால் பிரேரணை தோற்றது.

ஒப்பீட்டுக்கு மற்றக் கட்சிகளை வைக்கிறீர்கள் என்றால் அவர்களுடைய வராமைக்கும் காரணம் பாருங்கள். 1961 ஏப்ரல் 17 முதல் சில மாதங்கள் தமிழரசுக் கட்சி எம்.பி.க்கள் பனாகொடை இராணுவ முகாமில் தடுப்பில் இருந்தார்கள். அந்தக் காலத்துக் கீழ்ச்சபைப் பட்டியலில் அவர்கள் இல்லாததை "அக்கறையில்லை" என்று ஒரு எக்செல் சூத்திரம் முடிவு கட்டும். சூத்திரத்துக்கு பனாகொடை தெரியாது.

---

கொக்குவில் வாசகன்:

நன்றி. இரண்டு அட்டவணை எண்டது விளங்குது. வீதம் குடுக்கிறது பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. வெளிநாடுகளில இப்ப எல்லா எம்.பி.க்கும் வீதம் போட்டுத் தளம் நடத்துகினமே?

---

வாக்குக்கணக்கு:

போடுகினம், ஆனால் எப்பிடிப் போடுகினம் எண்டு பாத்தால் உங்கட குழு ஆசையைக் குறைச்சுக்கொள்ளும். அவுஸ்திரேலியாவில "தே வோட் ஃபோர் யூ" எண்டு ஒரு தளம்; பிரித்தானியாவின்ர "பப்ளிக் விப்" கணக்கு முறையில இருந்து வந்தது. ஒரு கொள்கையை எடுத்து, அதோட தொடர்புள்ள வாக்கெடுப்புகளைச் சேர்த்து, புள்ளி போடுவினம். சாதாரண வாக்கு ஒத்துப்போனால் 10 க்கு 10, முக்கிய வாக்கு 50 க்கு 50, மாறிப் போட்டால் 0. வராட்டில் சாதாரணத்துக்கு 2 க்கு 1, முக்கியத்துக்கு 50 க்கு 25.

ஒரு கற்பனை ஆளை எடுங்கோ. மூண்டு முக்கிய வாக்கில இரண்டில ஒத்துப்போனார், ஒண்டுக்கு வரேல்லை. நாலு சாதாரண வாக்கில மூண்டு ஒத்து, ஒண்டு மாறி. 50, 50, 25, பிறகு 30: மொத்தம் 155. முழுப் புள்ளி 190. ஆகவே 82 வீதம். இப்ப வராத நாளைக் கணக்கில இருந்து எடுத்துவிடுங்கோ: 140 க்கு 130, 93 வீதம். அதே மனிசன், அதே ஏழு வாக்கெடுப்பு. விதியை மாத்தினவுடன 11 வீதம் கூடிப்போச்சு. எந்த வாக்கு "முக்கியம்" எண்டு தீர்மானிச்சதும் அட்டவணை போட்ட ஆள்தான். வீதம் போட்டே ஆகவேணும் எண்டால் விதியை அட்டவணைக்கு மேல அச்சடியுங்கோ, பத்து வாக்கெடுப்புக்குக் குறைஞ்ச தலைப்புக்கு வீதமே வேண்டாம். "7 இல் 5" எண்டு போடுங்கோ.

அதைவிட, வீதம் சுயேச்சை உறுப்பினரின்ர முக்கியமான விசயத்தையே மறைச்சுப்போடும். 2019 டிசம்பர் 4 ஆம் திகதி அதே அவுஸ்திரேலிய செனற்றில மெடிவாக் சட்டத்தை நீக்கின வாக்கெடுப்பு ஞாபகம் இருக்கும்: மானுஸ், நவுரு தீவுகளில இருந்த அகதிகளை வைத்தியத்துக்கு அவுஸ்திரேலியா கொண்டுவர வழிவிட்ட சட்டம். 37 க்கு 35. ஒருத்தர் பக்கம் மாறினால் 36 க்கு 36, சமம், நீக்கம் தோற்றிருக்கும். வீதக் கணக்கில அந்த வாக்கும், இருபது வித்தியாசத்தில வெண்ட ஒரு வாக்கும் ஒரே எடைதான். அதால உங்கட அட்டவணையில "வித்தியாசம்" எண்டு ஒரு நிரல் கட்டாயம் வையுங்கோ. 30 பேர் கொண்ட சபையில வித்தியாசம் மூண்டு, நாலு எண்டு வாற நாளெல்லாம் தடிச்ச எழுத்தில போட வேண்டிய நாள்.

கட்சி உறுப்பினருக்கு இந்தத் தளங்கள் "கட்சியை மீறி எத்தனை தரம்" எண்டு காட்டும். சுயேச்சைக்கு அந்த அளவுகோல் கிடையாது, கொறடா இல்லையே. பதிலுக்கு அரசாங்கத்தோட ஒப்பிடலாம். அரசாங்கம் எந்தப் பக்கம் நிண்டது எண்டு பட்டியலிலேயே தெரிய ஒரு சுகமான வழி இருக்கு: சோல்பரி யாப்புப்படி இரண்டு அமைச்சராவது செனற்றர்களாக இருக்க வேணும், அதில ஒருத்தர் நீதி அமைச்சர். ஆகவே நீதி அமைச்சரின்ர பெயர் எந்தப் பக்கம் எண்டு பாருங்கோ. தொடக்கத்தில லலித ராஜபக்ச, 1960 இக்குப் பிறகு சாம் பி. சி. பெர்னாண்டோ, 1965 இலிருந்து 70 வரை ஏ. எஃப். விஜேமான. 1965 இலிருந்து 68 வரை தமிழரசுக் கட்சி சார்பில மு. திருச்செல்வமும் செனற்றிலிருந்த அமைச்சர்தான். அந்த மூண்டு வருசத்தில "தமிழ்க் கட்சி", "எதிர்க்கட்சி" எண்ட இரண்டையும் ஒண்டாகக் குறியீடு செய்தால் கணக்குப் பிழைக்கும்.

---

பத்திஎண்:

மேல சொன்ன "வித்தியாசம்" நிரலோட ஒரு விசயம் சேர்க்க வேணும். செனற் கீழ்ச்சபையோட சேர்ந்து கலைஞ்சதில்லை. 15 பேர் பிரதிநிதிகள் சபை தெரிஞ்சவை, 15 பேர் மகாதேசாதிபதி நியமிச்சவை. ஆறு வருசத் தவணை, இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மூண்டில ஒரு பங்கு விலகும். ஆகவே ஆட்சி மாறின மறுநாளும் செனற்றில பழைய அரசாங்கத்தின்ர ஆக்கள்தான் நிரம்பியிருப்பினம். 1956 இல, 1970 இல அதுதான் நடந்தது. 1970 இல வந்த அரசாங்கம் செனற்றையே இல்லாமல் செய்ததுக்கு இதுவும் காரணம். 1971 ஒக்டோபர் 2 ஓட சபை முடிஞ்சுது. சுயேச்சையின்ர ஒரு வாக்குக்கு விலை கூடின காலம் இந்த ஆட்சி மாறின முதல் இரண்டு வருசங்கள்தான். நேரம் போதாட்டில் அந்தத் தொகுதிகளில இருந்து தொடங்குங்கோ.

சுயேச்சை ஆள் எப்பிடி உள்ள போனவர் எண்டு மலர் வாசிக்கிற பிள்ளையள் கேப்பினம். தெரிவு விகிதாசார முறையில, ஒற்றை மாற்று வாக்கு (விருப்ப வரிசை போட்டு அளிக்கிற வாக்கு). 1947 இல கீழ்ச்சபையில 101 பேர். 15 இடத்துக்கும் ஒரே தரத்தில தெரிவு எண்டால் 101 ஐ 16 ஆல் (இடங்களோட ஒண்டு கூட்டி) பிரிச்சு அடுத்த முழு எண், 7 வாக்குக் காணும். பிறகு வந்த ஐந்து இடத் தெரிவுகளுக்கு 101 ஐ 6 ஆல் பிரிக்க 17. 1960 க்குப் பிறகு சபை 157 ஆனதால 27. ஏழு எம்.பி.மார் சேர்ந்தால் ஒரு சுயேச்சையை அனுப்பலாம். 27 க்குக் கட்சிகளின்ர ஒழுங்கு வேணும். சட்ட வாக்குகளைப் பாக்கேக்க, அந்தத் தவணைக்கு அவரை அனுப்பின எம்.பி.மார் ஆர் எண்டும் பக்கத்தில எழுதி வையுங்கோ. தவணைத் திகதிகளை வர்த்தமானியில பாருங்கோ.

---

கொக்குவில் வாசகன்:

கடைசி ஒண்டு. சங்குப்பிட்டி சொன்ன இரண்டாவது படம், பிரேரணை வாசகம், ஏன் அவ்வளவு முக்கியம்? சட்டமூலத்தின்ர பெயரும் ஆம்/இல்லையும் காணாதோ?

---

ஆனைப்பந்தி:

காணாது. "ஆம்" என்றால் சட்டமூலத்துக்கு ஆம் என்று அர்த்தமில்லை, தலைவர் வாசித்த வாசகத்துக்கு ஆம். திருத்தம் ஒன்றுக்கு வாக்கெடுப்பு என்றால், திருத்தத்துக்கு "ஆம்" போட்டவர் சட்டமூலத்தையே எதிர்ப்பவராக இருக்கலாம். பல் பிடுங்கத் திருத்தம் கொண்டுவருவது எதிர்ப்பாளர் வேலைதான்.

வெஸ்ட்மின்ஸ்டர் வழியில் ஓடிய சபைகளில் இன்னொரு பொறி. சட்டமூலத்தை நேரடியாகத் தோற்கடிக்காமல், "இப்போது இரண்டாம் தடவை மதிப்பிடப்படுக" என்ற வாசகத்தில் "இப்போது" என்பதை எடுத்துவிட்டு "இன்றிலிருந்து ஆறு மாதத்தில்" என்று போடத் திருத்தம் கொண்டுவருவார்கள். அர்த்தம்: சட்டமூலம் செத்தது. ஆனால் வாக்குக்கு விடும்போது தலைவர் கேட்பது "'இப்போது' என்ற சொல் பிரேரணையின் பகுதியாக நிற்கட்டுமா?" என்று. இங்கே "ஆம்" சொன்னவர் சட்டமூலத்துக்கு ஆதரவு, "இல்லை" சொன்னவர் திருத்தத்துக்கு ஆதரவு. வாசகத்தைப் பார்க்காமல் "திருத்தத்தின் மீது வாக்கெடுப்பு: நடேசன் — இல்லை" என்று எழுதினீர்களானால் ஆளைத் தலைகீழாக நிறுத்திவிடுவீர்கள்.

ஆகவே எக்செல்லில் இரண்டு நிரல் வையுங்கள்: ஒன்று "பட்டியலில் உள்ளபடி", மற்றது "சட்டமூலத்தைப் பொறுத்து". முதலாவதை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். இரண்டாவதை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் நிரப்பி, பிறகு ஒப்பிட வேண்டும். மாறுபடும் வரிகளுக்கு மட்டும் மறுபடி பத்தியைத் திறந்தால் போதும்.

---

சங்குப்பிட்டி:

வரவுசெலவுத் திட்ட நாட்களை வேற நிறத்தில போடுங்கோ. பணச் சட்டமூலத்தைச் செனற் ஒரு மாதத்துக்கு மேல பிடிச்சு வைக்கேலாது, அது செனற் இல்லாமலே மகாதேசாதிபதிக்குப் போகும். மற்றச் சட்டமூலங்களையும் கீழ்ச்சபை அடுத்தடுத்த இரண்டு கூட்டத்தொடரில நிறைவேற்றினால் கடைசியில செனற்றைத் தாண்டிப் போகலாம். அதால செனற்றில "இல்லை" எண்ட வாக்கைவிடக் குழுநிலையில ஏற்றுக்கொண்ட ஒரு சொல் திருத்தத்துக்குப் பலன் கூட. சட்டமூலத்தின்ர வாசகத்தையும் நிறைவேறின சட்டத்தின்ர வாசகத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு, நடேசன் கேட்ட சொல் உள்ள வந்துதோ எண்டு பாருங்கோ. வந்திருந்தால் அதை முதலாவது பக்கத்தில போடுங்கோ.